தவறி மூன்று தடவை விழுந்த ஹார்ட் டிஸ்க்

"இனிமேல் இந்த வீட்ல எதுவும் தொலையாது!" என்று நான் அறிவித்தபோது என் ஒரு காலில்தான் சாக்ஸ் இருந்தது. இன்னொன்றைக் காணோம்.

என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹால் மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய மாடிப்படியை இரண்டடி தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டு பிளான் போடுவது அவள் தொழில். அடுத்தவர் வீட்டுச் சுவரை ஒரு சொடுக்கில் இடித்துவிட்டு மறு சொடுக்கில் கட்டிவிடுவாள். எனக்கு அவளிடம் பயம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

"சாக்ஸ் கட்டிலுக்கு அடியில கிடக்கு," என்றாள்.

"நான் சாக்ஸைப் பத்திப் பேசல. ஃபைலைப் பத்திப் பேசறேன்."

"உங்க ஃபைலும் கட்டிலுக்கு அடியிலதான்."

"கம்ப்யூட்டர் ஃபைலும்மா! பக்கத்து வீட்ல நடந்தது தெரியுமில்ல?"

பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு 'சந்தேகம் சார்' என்று பெயர். மழை பெய்தால்கூட இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் குடையை விரிப்பார். அவருடைய கம்ப்யூட்டர் போன வாரம் 'டொக்'கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கண்ணை மூடியது. மகன் கல்யாணப் படங்கள் அத்தனையும் அதோடு போயின. கல்யாணப் பட்டை மறுபடி உடுத்திக்கொண்டு நின்றால் படங்களை இன்னொரு தடவை எடுத்துவிடலாமா என்று மருமகளிடம் கேட்டிருக்கிறார். "மறுபடியும் முதல்லேருந்தா மாமா? அப்படின்னா இந்தத் தடவை கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்" என்றாளாம்.

"அதனால வெளியில மாட்டற ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்கப் போறேன். உன் பிளான் எல்லாத்துக்கும் பேக்கப்!"

"எந்த பேக்கப்? முட்டுக் குடுக்கறதா, மூட்டை கட்டறதா? நீங்க சொல்லும்போது ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது."

"உன் உழைப்பைக் காப்பாத்தணும்னு ஒரு மனுஷன் துடிக்கிறான்..."

"துடிங்க. சாக்ஸைப் போட்டுட்டுத் துடிங்க."

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் துடித்தது அவள் பிளானுக்காக அல்ல. நான் பாடுவேன்.

பம்பு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை எனக்கு. பகலெல்லாம் பம்பை அனுப்புவேன். சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பாடகர் இல்லாத வெறும் இசையைப் போனில் ஓடவிட்டு, காலியாக இருக்கும் பாடகர் நாற்காலியில் என் குரலை உட்கார வைப்பேன். முகபாவம் வீணாகக் கூடாது என்று வீடியோவாகவே பதிவு செய்வேன். கம்ப்யூட்டரில் பாதியை இந்தக் கச்சேரிகள்தான் அடைத்துக்கொண்டிருந்தன.

"உங்க தொண்டை என் கம்ப்யூட்டருக்குத் தொண்டை அடைப்பா வந்திருக்கு," என்று ஏற்கெனவே எச்சரிக்கை வந்துவிட்டது. "ஒரு ஜன்னலை நகர்த்தினா, அது நகர்றதுக்குள்ள எனக்கு மூச்சே நின்னுடுது. இந்த வாரத்துக்குள்ள காலி பண்ணுங்க. இல்லன்னா நான் பண்றேன்."

அதனால்தான் ஹார்ட் டிஸ்க். பெயர் அவளுக்கு, இடம் எனக்கு. எங்கள் வீட்டில் பிளான் போடுவது அவள் தொழில் என்று சொன்னேன் அல்லவா? அந்தத் தொழிலில் நான் கை வைத்தது முதல் தப்பு.

தனியாகக் கடைக்குப் போவதாக இருந்தேன். அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கடையில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை டெரா சார் வேணும்?"

"டேராவா?" என்றாள் மனைவி. "இவரோட பெரியப்பா பையன் இப்பத்தான் ஒரு மாசம் போட்டுட்டுக் கிளம்பினாரு."

விற்பனையாளர் சிரிக்காமல் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். பெரியதற்குள் ஒரு தட்டு சுற்றுமாம். கொடுக்கிற காசுக்கு நிறைய இடம் கிடைக்கும். ஆனால் ஓடும்போது கீழே விழுந்தால் ஆள் காலி. சின்னதற்குள் எதுவும் சுற்றாது. உள்ளங்கையில் அடங்கும், வேகம் அதிகம், தவறி விழுந்தாலும் தாங்கும். அதே காசுக்கு இடம்தான் குறைவு.

"வேலை பார்க்கற ஃபைலுக்கு எது நல்லது?" என்று கேட்டாள்.

"சுத்தாததுதான் மேடம்."

"எங்க வீட்லயும் அப்படித்தான். சுத்தறதை விட சுத்தாதது தேவலை." என்னைப் பார்த்தாள். "என் பிளான் மொத்தமும் போட்டாலும் இந்தச் சின்னதுல பாதி மிஞ்சுங்க. இது போதுமே?"

"பெருசுதான்!" என்றேன். "நாளைக்கு நீ அரண்மனைக்கு பிளான் போட்டா?"

"அரண்மனைக்கும் அதே கோடுதாங்க."

"சார் நிறைய வீடியோ வைப்பீங்களோ?" என்றார் அந்தப் பாவி.

"வீடியோவா? சேச்சே! நாங்க கௌரவமான குடும்பம்."

அவர் ஏன் அவ்வளவு அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மனைவி மட்டும் சிரித்துக்கொண்டே, "சரி, உங்க இஷ்டம்," என்றாள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். 'உங்க இஷ்டம்' என்று அவள் சொன்னபோதெல்லாம் நடந்தது அவள் இஷ்டம்தான்.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தேன். முதலில் என் பாட்டுகள். பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. நான் சாப்பிட்டேன், கை கழுவினேன், செய்தி பார்த்தேன். இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. கலை என்றால் சும்மாவா? கனம் இருக்குமே!

பிறகு அவள் பிளான்கள். திரையில் அவள் எப்போதும் தட்டித் திறக்கும் மஞ்சள் உறை இருந்தது. அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி. அழகுக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். இழுத்து டிஸ்க்கில் போட்டேன். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. எனக்கே பாவமாகப் போய்விட்டது. இத்தனை வருஷமாக முதுகு வலிக்க உட்கார்ந்து இவள் செய்த வேலை மொத்தமே இவ்வளவுதானா?

உடனே என் பாட்டுகளைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். மறுநாள் அவள் ஜன்னல்கள் எல்லாம் பறந்தன.

"அடேங்கப்பா! நிஜமாவே காலி பண்ணிட்டீங்களே!" என்று என் தட்டில் இரண்டாவது தடவை கேட்காமலே பரிமாறினாள். குற்ற உணர்ச்சியோடு சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

அதன் பிறகு வாரா வாரம் பேக்கப் எடுத்தேன். அதாவது, வாரா வாரம் புதுப் பாட்டுகளையும் அந்த மஞ்சள் உறையையும் டிஸ்க்கில் போட்டேன். அவள் ஒன்று மட்டும் கேட்பாள்.

"எடுத்ததைத் திறந்து பார்த்தீங்களா?"

"பேக்கப்பைத் திறக்கக் கூடாதும்மா. அடிக்கடி திறந்தா கெட்டுடும்."

"ஓ! அப்படியா?" என்பாள், தெரியாதவள் மாதிரி.

ஒரு சனிக்கிழமை காலை, "ஏங்க! கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேங்குது," என்று குரல் வந்தது.

ஓடினேன். பட்டனை அமுக்கினேன். தட்டினேன். தலைப்பக்கம் காதை வைத்துக் கேட்டேன். மூச்சுப் பேச்சில்லை. நிபுணர் மாதிரி நிமிர்ந்தேன். "உள்ளே இருக்கற டிஸ்க் போயிடுச்சு. பக்கத்து வீட்டு கேஸேதான்."

"ஐயோ! சாயங்காலம் அந்த டாக்டரும் அவங்க வீட்டுக்காரரும் கிளினிக் பிளானைப் பார்க்க வராங்களே! மூணு மாச வேலைங்க." அப்புறம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "நல்ல வேளை, நீங்க இருக்கீங்க."

கல்யாணமானதிலிருந்து இந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன். ராஜநடை நடந்து போய் டிஸ்க்கை எடுத்து, என் ஆபீஸ் லேப்டாப்பில் மாட்டினேன். மஞ்சள் உறையைத் தட்டினேன். 'நீங்கள் தேடும் இடம் இல்லை' என்றது. இன்னொரு வாரத்து உறையைத் தட்டினேன். அதுவும் இல்லை. எல்லா வாரமும் இல்லை. என் பாட்டுகள் மட்டும் ஒன்று குறையாமல் வரிசையாக நின்றன.

"என்னங்க, வந்துடுச்சா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள்.

"டிஸ்க் சூடா இருக்கு! கொஞ்சம் ஆறட்டும்!"

டிஸ்க்கை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கமாகச் சந்தேகம் சார் வீட்டுக்கு ஓடினேன்.

"உறையில அம்புக்குறி இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு."

"அப்ப அது ஃபைல் இல்ல சார். ஃபைலுக்குப் போற வழி. என் பையன் சொல்லியிருக்கான்."

ஊர் போய்விட்டது. வாரா வாரம் வழிகாட்டிப் பலகையை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

"சார், உங்க கம்ப்யூட்டர் போனப்ப வீட்ல எப்படிச் சமாளிச்சீங்க?"

"சமாளிக்கலையே. மொட்டை மாடியில படுக்கறேன். நீங்க பேசாம டிஸ்க் கைதவறி விழுந்துடுச்சுன்னு சொல்லிடுங்க." நான் திரும்புவதற்குள் மறுபடி கூப்பிட்டார். "ஆனா ஒரு சந்தேகம். விழாத பொருளை எப்படி விழுந்துச்சுன்னு சொல்றது?"

நியாயமான சந்தேகம். நிஜமாகவே விழ வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் ஆள் காலி என்று கடைக்காரரே சொன்னார். ஆனால் அதற்குள் இருப்பது என் பாட்டுகள்! வேறு பிரதி உலகத்திலேயே கிடையாது. ஒரு பக்கம் மானம், இன்னொரு பக்கம் கானம். வீட்டுக்குத் திரும்பி, படுக்கையறையில் உட்கார்ந்து டிஸ்க்கைத் தடவிக் கொடுத்தேன். கண் கலங்கியது. அவளுக்கு என் பாட்டு இல்லாமல் வாழத் தெரியும். என்னால் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு வேளை சோறு தின்ன முடியாது. மானமே ஜெயித்தது.

மேஜையிலிருந்து தள்ளினேன். கால்மிதியடி மேல் தொப்பென்று விழுந்தது. விளக்கு இன்னும் கண் சிமிட்டியது. மிதியடியை நகர்த்திவிட்டு நின்றபடி போட்டேன். ஒயர் பிடித்து இழுத்ததில் பாதி வழியில் தொங்கி மேஜைக் காலில் இடித்தது. ஒயரைப் பிடுங்கினேன், நாற்காலியில் ஏறினேன், அங்கிருந்து அலமாரி மேலேயே ஏறி உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். 'டமால்!'

கண்ணைத் திறந்தால் கதவருகே மனைவி.

"என்னங்க இது?"

"தவறி விழுந்துடுச்சும்மா."

"அலமாரி மேலேருந்தா?"

"ஆமா."

"நீங்க ஏன் அங்க இருக்கீங்க?"

"அது எப்படி விழுந்துச்சுன்னு பார்க்கறதுக்கு ஏறினேன்."

"மூணு சத்தம் கேட்டுச்சே."

"தவறி... மூணு தடவை விழுந்துச்சு."

அவள் கோபப்படவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "பார்த்து இறங்குங்க," என்றாள். இறங்கினேன். கையைப் பிடித்து ஹாலுக்கு அழைத்துப் போனாள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து, பிடுங்கிக் கிடந்த ஒரு ஒயரைச் சுவரில் மாட்டினாள். பட்டனை அமுக்கினாள். கம்ப்யூட்டர் பாடிக்கொண்டே எழுந்தது. கிளினிக் பிளான் கம்பீரமாக வந்து நின்றது.

"செத்துப் போச்சுன்னியே!" என்றேன்.

"நான் எங்க சொன்னேன்? எழுந்திருக்க மாட்டேங்குதுன்னேன். காதை வச்சுக் கேட்டுச் சாவு அறிவிச்சது நீங்கதான்."

"அப்ப ஒயரு?"

"நான்தான் பிடுங்கினேன். முதல் வாரமே உங்க டிஸ்க்கைத் திறந்து பார்த்துட்டேங்க. என் பேர்ல அம்புக்குறி, உங்க பேர்ல கச்சேரி. மறுநாளே கடைக்குப் போய் அந்தச் சின்ன டிஸ்க்கை வாங்கிட்டேன். என் வேலை எல்லாம் அதுல இருக்கு, என் கைப்பையில."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"ஒயரைப் பிடுங்கினா ரெண்டுல ஒண்ணு நடக்கும்னு தெரியும். ஒண்ணு, தப்பை ஒத்துக்குவீங்க. இல்ல, நீங்களே அந்த டிஸ்க்கைத் தொலைச்சுக் கட்டுவீங்க. எது நடந்தாலும் எனக்கு லாபம்தான். நானே உடைச்சிருந்தா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவீங்களே." கொஞ்சம் யோசித்தாள். "அலமாரி மேல ஏறுவீங்கன்னுதான் எதிர்பார்க்கல. இடுப்பு வலிக்குதா?"

வலித்தது. இடுப்பு மட்டுமல்ல. மூலை நசுங்கிக் கிடந்த டிஸ்க்கை எடுத்து வந்து, கடைசியாக ஒரு தடவை கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன்.

விளக்கு எரிந்தது. தட்டு சுற்றியது! என் பாட்டுகள் எல்லாம் அப்படியே வந்து நின்றன. உயிர் இருக்கிறது! அவள் முகம் வாடியதை என் கண்ணாலேயே பார்த்தேன். "பார்த்தியா!" என்று நெஞ்சை நிமிர்த்தி, ஸ்பீக்கரை முழுசாகத் திருகிவிட்டு, இருப்பதிலேயே சிறந்த பாட்டைத் தட்டினேன். பாடிப் பதிந்ததோடு சரி, அதுவரை ஒன்றைக்கூட நான் உட்கார்ந்து கேட்டதில்லை.

இசை நன்றாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அதற்குள்ளிருந்து ஒரு பழைய கதவு கிறீச்சிட்டது. இடையில் யாரோ காலைக் கட்டிலில் இடித்துக்கொண்ட மாதிரி கத்தினார்கள். சந்தேகம் சார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"போச்சு! விழுந்த வேகத்துல பாட்டெல்லாம் நசுங்கிடுச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

மனைவி என் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலீங்க. நீங்க பாடினது அப்படியேதான் இருக்கு."