குலுக்குச் சாமியும் இரண்டு குப்பிகளும்

அந்தப் படிக்கட்டில் எத்தனை படிகள் என்பது இப்போது சரியாக நினைவில்லை. இருபத்திரண்டு என்பேன் நான்; இருபதுதான் என்பாள் அக்கா. ஆனால் படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு முக்காலி கிடந்ததிலும், அதில் குலுக்குச் சாமி உட்கார்ந்திருந்ததிலும் சந்தேகமே இல்லை. என் வெள்ளி மோதிரம் அவருடைய சுண்டுவிரலில்தான் இருந்தது.

கீழ்த்தளத்தில் ரத்தம் எடுப்பார்கள். பரிசோதனைக்கூடம் மேல்மாடியில். லிஃப்ட் பழுதாகி வெகுகாலம் ஆகியிருந்ததால், அவரவர் ரத்தக் குப்பியை அவரவரே கொண்டுபோய் ஜன்னலில் நீட்ட வேண்டும். யோசித்துப் பார்த்தால், சாமியைப் படைத்தது அந்த லிஃப்ட்தான்.

காலை ஆறு மணிக்கே வரிசை தெருவுக்கு வந்துவிடும். சாமி குப்பியை வாங்கி, கிலுகிலுப்பை போல வெகுநேரம் ஆட்டி, காதருகே வைத்துக் கேட்பார்.

"ரத்தம் ரொம்பக் கோவமா பேசுது."

மத்தியானம் வரும் அறிக்கையில் பொட்டாசியம் எகிறியிருக்கும். வாக்கு பலித்துவிட்டது! அடியில் சின்ன எழுத்தில், 'ரத்த மாதிரி கெட்டிருக்கிறது, மறுபடி எடுக்கவும்' என்றும் இருக்கும். அதை யார் படித்தார்கள்? நானும்தான் படிக்கவில்லை.

பரிகாரம் எளிது. ரத்தத்தை நெரிக்கும் மோதிரத்தைக் கழற்றிச் சாமியிடம் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் புதுக் குப்பியைத் துணியில் சுற்றி, துளி அசையாமல், பின்பக்கமாகவே படியேற வேண்டும். சாமி அதைத் தொடவே மாட்டார். அறிக்கை சுத்தமாக வரும். அப்படி ஏறிய தலைமை ஆசிரியர் ஒருவர், படியில் களைத்து உட்கார்ந்திருந்த வக்கீலின் மடியில் போய் அமர்ந்தார். இருவரும் அதை அருள் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அக்காவுக்குப் பித்தப்பையில் கல். அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. நாலு இருக்க வேண்டிய பொட்டாசியம் ஏழு என்றதும் டாக்டர் நிறுத்திவிட்டார். இந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் இதயமே நின்றுபோகலாமாம். மறுபடி எடுத்துவரச் சொன்னார். அக்காவின் கல்யாண மோதிரமோ கழறவில்லை. சோப்பு போட்டோம், எண்ணெய் போட்டோம். மூன்று வாரம், மூன்று குலுக்கல், மூன்று ஏழு. ராத்திரியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

"விரலை எடுத்துடலாமா சாமி?" என்றார் அத்தான். அவர் கேலி செய்யவில்லை.

"யோசிக்கலாம்."

"ஏங்க, வலிக்கிறது வயிறு, வெட்டுறது விரலா?" என்று சீறினாள் அக்கா.

அப்போது மாடியிலிருந்து லேப் அம்மா இறங்கி வந்தார்.

"காலையில வர்ற குப்பி எல்லாம் கெட்டு வருது. சாயங்காலம் வர்றது நல்லா இருக்குது. நீங்க எப்ப தூங்குவீங்க சாமி?"

"சாயங்காலம்."

"அப்படியா! உங்க ரத்தம் எப்படி?"

"பால் மாதிரி."

"அப்ப கையை நீட்டுங்க."

இத்தனை பேர் பார்க்கும்போது எப்படி மறுப்பார்? ஒரே கையிலிருந்து இரண்டு குப்பி எடுத்தார் லேப் அம்மா. ஒன்றை அசையாமல் தாங்கியில் நிறுத்தினார். இன்னொன்றை வரிசையிடம் கொடுத்தார்.

"சாமி குலுக்குற மாதிரியே எல்லாரும் குலுக்குங்க."

பக்தியோடு குலுக்கினார்கள். லேப் அம்மா குப்பிகளோடு மாடிக்குப் போனார்; அரை மணி நேரம் எல்லாரும் படியிலேயே காத்திருந்தார்கள். பயத்தை எதிரொலிப்பதற்கென்றே கட்டியது போலிருந்தது அந்தப் படிக்கட்டு.

இயந்திரத்தில் சுழற்றி எடுத்த இரண்டு குப்பிகளையும் லேப் அம்மா தூக்கிக் காட்டினார். அசையாததில் மேலே வெளிர்மஞ்சள் நீர் தெளிந்திருந்தது. குலுக்கியதில் எல்லாம் சிவப்பு.

"இதுல பொட்டாசியம் நாலு. குலுக்கினதுல ஒன்பது. ஒன்பதுன்னா நீங்க செத்து பத்து நிமிஷம் ஆச்சு சாமி. முரட்டுத்தனமா குலுக்கினா ரத்த அணு உடைஞ்சு உள்ள இருக்கிறது வெளியே கொட்டும். கோவமும் இல்ல, பேச்சும் இல்ல."

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல்: "செத்தும் உட்கார்ந்திருக்காரே, எப்பேர்ப்பட்ட சக்தி!"

அக்கா மறுபடி ரத்தம் கொடுத்தாள். புதுக் குப்பியை வாங்கி, முகம் முன்பக்கம் இருக்க, நிதானமாகப் படியேறினாள். பொட்டாசியம் நாலு.

அடுத்த வாரம் அறுவை நடந்தது, அக்கா நலம். மோதிரம் இன்னும் கழறவில்லை. சாமியின் விரல்களில் சோப்பு போட்டு எல்லார் மோதிரத்தையும் மீட்டார்கள். என்னுடையது மட்டும் வரவில்லை, அதோடுதான் அவரைப் போலீஸ் கூட்டிப்போனது. இப்போது குப்பிகளை ஓர் ஊழியர் தாங்கியில் வைத்து மேலே கொண்டுபோகிறார். தலைமை ஆசிரியர் இன்னமும் பின்பக்கமாகத்தான் படியேறுகிறார். அந்தக் கடைசிக் குரல்காரர் வேறொரு படிக்கட்டைத் தேடிப் போய்விட்டார்.

குப்பியை விடுங்கள். உங்கள் தலையை ஒருமுறை குலுக்கி, உள்ளே ஏதாவது பேசுகிறதா என்று கேட்டுப்பாருங்கள்.