வீட்டு மொழி: தமிழ்

டப்ளின், கலிபோர்னியா
18 பிப்ரவரி 2001

பேரன்புமிக்க சேனாபதி மாமாவுக்கு,

உங்கள் மருமகன் இனியன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அவர்கள் நலம் நிரந்தரமானது. என் நலம், கோபிக்கு விமானம் ஏறும் ஜூன் இருபதாம் தேதி வரைதான் செல்லுபடியாகும். கோபியில் நீங்களும், அத்தையும், உங்கள் டுடோரியலில் பிளஸ் டூ கணக்கில் கோட்டைவிட்டு மறுபடி எழுதக் காத்திருக்கும் அந்த நாற்பது பேரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அந்த நாற்பது பேர் விஷயமாகத்தான் இந்தக் கடிதம். அப்பா உங்களுக்குப் போன் செய்து, "நம்ம இனியன் லீவுக்கு வந்து உங்க பசங்களுக்கு மேத்ஸ் சொல்லிக் குடுப்பான், மாப்ளே" என்றாராமே. தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவர்கள். அவர்கள் மேல் நானும் போய் விழ வேண்டுமா?

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒளித்ததால்தான் இவ்வளவும் நடந்தது. நான் படிப்பது சார்ட்டர் பள்ளி. அதாவது பணம் அரசாங்கத்துடையது, பிடிவாதம் சொந்தத் தயாரிப்பு. அதற்கு அனுமதி கொடுப்பது டிஸ்ட்ரிக்ட். டிஸ்ட்ரிக்ட் என்றதும் கலெக்டர், ஜீப் என்று நினைத்துவிடாதீர்கள்; இந்த வட்டாரத்துப் பள்ளிகளை மேய்க்கும் ஓர் ஆபீஸ், அவ்வளவுதான். போன வருஷம் எட்டாம் வகுப்பில் மாநிலம் முழுக்க ஒரு பரீட்சை வைத்தார்கள். ஜூலையில் வீட்டுக்கு ரிசல்ட் வந்தது. நூறு பேரில் எத்தனை பேரை முந்தினோம் என்று ஒரே ஓர் எண். கணக்கில் நான் முப்பத்தொரு பேரை முந்தியிருந்தேன். அந்த முப்பத்தொரு பேர் மனம் புண்படக்கூடாதே என்று, காகிதத்தைப் பீட்சா கூப்பன்களுக்கு நடுவில் செருகி ரீசைக்கிளிங் தொட்டியில் சேர்த்துவிட்டேன். அப்பா விடுவாரா?

"ரேங்க் என்னடா?"

"இங்க ரேங்க்லாம் கிடையாதுப்பா."

"மார்க்?"

"சார்ட்டர் ஸ்கூல்ல யாருக்கும் தர மாட்டாங்க. டிஸ்ட்ரிக்ட் கேட்டாக்கூடத் தர மாட்டாங்க."

அந்தக் கடைசி வரி சும்மா அழகுக்காகச் சேர்த்தது, மாமா. அக்டோபரில் அதுவே பேப்பரில் வந்துவிட்டது. பள்ளியின் அனுமதியைப் புதுப்பிக்கலாமா என்று முடிவு செய்ய டிஸ்ட்ரிக்ட் பிள்ளைகளின் மார்க்கைக் கேட்டதாம். அது பிள்ளைகளின் அந்தரங்கம், தர முடியாது என்று பள்ளி சொல்லிவிட்டதாம். "டேய், நீ சொன்னது அப்படியே போட்டிருக்கான்டா!" என்று அப்பா பேப்பரோடு ஓடிவந்தார். நான் சொன்ன ஒன்று உண்மையாகிப்போனது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அதிர்ச்சியில் எனக்கு இரண்டு நாள் பசியில்லை. அப்பாவுக்குச் சந்தேகம் போய்க் கோபம் வந்தது. டேட்டாவை வாங்காமல் ஓயமாட்டேன் என்றார். டேட்டா வந்தால் எனக்கு டாட்டா என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

டிஸ்ட்ரிக்ட் நடத்திய கூட்டத்தில் பெற்றோருக்குத் தலைக்கு மூன்று நிமிஷம் மைக். அப்பா டை கட்டிக்கொண்டு போனார். எங்கள் ஊரில் ரிசல்ட்டைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டுவார்கள், சைக்கிளில் போகிறவன்கூட இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் போவான், ஒருவரும் செத்துப்போகவில்லை என்று ஆங்கிலத்தில் முழங்கினார். டிஸ்ட்ரிக்ட்காரர்கள் கைதட்டினார்கள். அடுத்து சுவரில்தான் ஒட்டப்போகிறார்களோ என்று மிரண்ட பள்ளிக்காரர்கள், பெயரை எடுத்துவிட்டு மார்க்கை மட்டும் தருகிறோம் என்று இறங்கிவந்தார்கள். ஆனால் பள்ளிக் கம்ப்யூட்டரும் டிஸ்ட்ரிக்ட் கம்ப்யூட்டரும் சம்பந்திச் சண்டை போட்டவர்கள் மாதிரி. ஒன்று சொல்வது மற்றதற்கு ஏறாது. இரண்டையும் சேர்த்துவைக்க யாராவது உண்டா என்று கேட்டார்கள். ஆபீஸில் அப்பாவுக்கு அதுதானே வேலை? கையைத் தூக்கிவிட்டார். அவர் கமிட்டி, நான் கம்மி.

பெயர்தான் இல்லையே என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் அந்தப் பட்டியலில் வீட்டு மொழி என்று ஒரு பத்தி உண்டு. என்னைச் சேர்க்கும்போது அதில் இங்கிலீஷ் என்று போட்டிருந்தால் முடிந்தது. அப்பா தமிழ் என்று பெரிய எழுத்தில் எழுதி, குமாஸ்தா அம்மாளுக்குத் தமிழின் தொன்மையை விளக்கினார். பின்னால் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். என் வகுப்பில் தமிழ் இரண்டே பேர்: நானும், நஞ்சுண்டன் அங்கிள் மகள் வெண்பாவும். ஜனவரியில் அப்பா பட்டியலைத் திறந்தார். தமிழ் என்று இரண்டு வரி. ஒன்றில் தொண்ணூற்றேழு, ஒன்றில் முப்பத்தொன்று.

மாமா, அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "வானு, பையன் தொண்ணூத்தேழு!" என்று சமையலறைக்கு ஓடினார். அம்மா என்னைப் பார்த்தார். பத்து மாதம் சுமந்தவருக்குப் புள்ளிவிவரம் எதற்கு? "ஓ, அப்படியா" என்று தோசையைத் திருப்பிப் போட்டார்.

அந்த வாரமே நஞ்சுண்டன் அங்கிள் வீட்டில் விருந்து. அப்பா அவர் தோளில் கைபோட்டு, "கவலைப்படாதீங்க நஞ்சுண்டன், பொண்ணு மேத்ஸ்ல கொஞ்சம் வீக்காமே, நம்ம இனியன் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து டியூஷன் எடுப்பான்" என்றார். எனக்குச் சாம்பார் சாதம் புரையேறியது. முதல் சனிக்கிழமை கதவைச் சாத்தியதும் வெண்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஸோ சார், என் நைன்ட்டி செவன் உங்ககிட்ட இருக்கு."

"தெரியாம நடந்துபோச்சு, வெண்பா."

"உன் தேர்ட்டி ஒன்ன நான் சுமக்கறேன்டா. எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி எனக்கு வல்லாரை சூப் குடுத்து அனுப்பறாங்க. டெய்லி இருவது ப்ராப்ளம் போடு. இல்லேன்னா அங்கிள்கிட்ட சொல்லிடுவேன்."

ஐந்து வாரமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வாத்தியாரும் நானே, முட்டி போடுவதும் நானே. மறுபடி பரீட்சை வரும் ஏப்ரலைக்கூடச் சமாளித்துவிடுவேன் போலிருக்கிறது. பின்னம், சமன்பாடு எல்லாம் என்னைக் கண்டு இப்போது ஓடுவதில்லை. ஆனால் கோபியில் நாற்பது பேர் எதிரில் சாக்பீஸோடு நின்றால் ஐந்தே நிமிஷத்தில் அப்பாவின் தொண்ணூற்றேழு ஊர் சிரிக்கப் போய்விடும். அவர் முகத்தை என்னால் அப்போது பார்க்க முடியாது, மாமா. இது மட்டும் விளையாட்டில்லை. ஆகவே கரண்ட் இல்லை, கூரை ஒழுகுகிறது, நாற்பது பேருக்கும் ஒரே நாளில் பொன்னுக்கு வீங்கி என்று ஏதாவது எழுதிவிடுங்கள். என் கடிதத்தின் கடைசியில் அப்பா எப்போதும் இரண்டு வரி சேர்ப்பார் அல்லவா? அதற்கு இடமில்லாமல் இந்த ஏரோகிராமை விளிம்புவரை நிரப்பிவிட்டேன். நாளை நானே பெட்டியில் போடுவேன்.

அத்தைக்கு என் அன்பு. தங்கள் ஆசியை இந்த ஒருமுறை மறுப்பாக அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
கணக்குத் தீராத மருமகன்
இனியன்

பி.கு.: மாப்பிள்ளைக்கு வெங்கடகிருஷ்ணன் எழுதுவது. ஒட்டுகிற மடிப்பில் இடம் இருக்கிறது. இதை அவன் ஒளித்துவைத்த இடம் கணக்குப் புத்தகம். யாரும் திறக்க மாட்டார்கள் என்று தன்னை வைத்து எண்ணிவிட்டான். பட்டியலில் மொழிக்கு அடுத்த பத்தி ஆணா, பெண்ணா என்பது. முதல் நாளே பார்த்துவிட்டேன். நஞ்சுண்டனிடமும் வெண்பாவிடமும் பேசிவைத்த பிறகுதான் விருந்துக்கே போனோம். வல்லாரை சூப் மட்டும் அந்தப் பெண்ணின் சொந்தக் கற்பனை. இரண்டே பேர் இருக்கும் இடத்தில் பெயரை எடுப்பதும் எடுக்காததும் ஒன்றுதான் என்று எழுதிக்கொடுத்து, அந்த இரண்டு பத்தியையும் நீக்கச் செய்துவிட்டேன். பையன் தினம் இருபது கணக்குப் போடுகிறான். ஆகவே டுடோரியலை நீங்கள் மூடி மூன்று வருஷம் ஆகிவிட்டது என்பது இப்போதைக்கு அவனுக்குத் தெரிய வேண்டாம். நாற்பது பேரும் ஆவலோடு காத்திருக்கிறார்கள் என்றே பதில் போடவும். முடிந்தால் நாற்பத்தைந்து ஆக்கவும்.