ஸ்டெல்லா பஸ் ஏறிய கதை

செடி வளர்ப்பவர்களை நம்பலாம். செடிகளுக்குக் கல்யாணம் பண்ணி வைப்பவர்களை வீட்டுக்குள் விடாமலிருப்பது நல்லது. நான் இரண்டாம் வகை.

சில வருடங்களுக்கு முன் எனக்குப் பெலார்கோனியம் பிடித்தது. (பைத்தியம் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.) ஜெரேனியம் என்று விற்கிறார்களே, அதன் காட்டுச் சொந்தக்காரர்கள். பூ சுமார்தான். இலையைத் தேய்த்தால் ஒன்றில் ரோஜா மணக்கும், இன்னொன்றில் எலுமிச்சை. இரண்டையும் கலக்க முடிவுசெய்து, மனைவி ஸ்டெல்லா புருவம் திருத்தும் சாமணத்தைத் திருடினேன். ரோஜாக்காரியின் மகரந்தப் பைகளைப் பிடுங்கிவிட்டு, எலுமிச்சைக்காரனின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவினேன். விதை பறந்துவிடாமல் பூவுக்குத் துணிப்பை கட்டினேன். ("பூவுக்கும் மாஸ்க்கா?" என்றாள் ஸ்டெல்லா.) முளைத்தது ஒன்றே ஒன்று.

அதில் இரண்டு மணமும் இருந்தன! "ஸ்டெல்லா" என்றே பெயர் வைத்தேன். கல்யாண நாளுக்குச் சேலை வாங்க மறந்திருந்ததும் ஒரு காரணம்.

"கண்டி பூக் கண்காட்சியில ஒம் பேரு அட்டையில நிக்கும் பாரு" என்றேன். நம்பிவிட்டாள். தன் அக்காவையும் பார்க்க வரச் சொல்லிவிட்டாள்.

அன்று காலை மடியில் தொட்டியோடு பிலிமத்தலாவையில் பஸ் ஏறினேன். சகோதரிகள் பிறகு வருவதாக ஏற்பாடு. பக்கத்து சீட்டு அம்மா கேட்டார்: "என்னாங்க சார், மருந்துச் செடியா?"

இல்லை என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கலாம்.

"சும்மா தேய்ச்சு மோந்து பாருங்கம்மா" என்றேன்.

தேய்த்தார். இலை கையோடு வந்தது. "அடேங்கப்பா, ரோஸ் சோப்பு!" என்று பின்னால் நீட்டினார். பின் சீட்டு மாத்தயா கண்ணை மூடி "சுவந்தாய்!" என்று சிங்களத்தில் மணத்தைப் புகழ்ந்து, தனக்கென்று ஒன்று கிள்ளிக்கொண்டார்.

"அண்ணே, தலவலிக்கு நல்லதா?" என்றார் கண்டக்டர்.

"எல்லாத்துக்கும் நல்லது!" என்றேன். (அந்த வாயைத்தான் முதலில் கத்தரித்திருக்க வேண்டும்.) ஒருவர் வாந்திக்கு வாங்கினார், ஒருவர் மூக்கடைத்த தடிமனுக்கு. "எலுமிச்சையும் வருதா? நல்லாத் தேய்ங்க!" என்று நானே கூவிக்கொண்டிருந்தேன். பேராதனை தாண்டியபோது பூக்கொத்து யாருடைய கூந்தலிலோ ஏறியிருந்தது. கண்டியில் நான் இறங்கியபோது ஸ்டெல்லாவுக்கு மிச்சம் ஒரே இலை.

மண்டப வாசலில் செடிகளைப் பதிவுசெய்யும் அம்மையார் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இது என்னங்க?"

பழக்கதோஷம். கடைசி இலையைத் தேய்த்து அவர் மூக்கருகே நீட்டினேன். "மோந்து பாருங்க."

என் விரலில் இலை. தொட்டியில் குச்சி.

அம்மையார் குச்சியை மரியாதையுடன் நோக்கினார். "ஓ, பாலைவனச் செடியா?" என்று கள்ளிகளோடு கொண்டுபோய் வைத்தார். அந்தப் பிரிவில் மொத்தமே மூன்று செடிகள். எனவே மூன்றாம் பரிசு.

ஸ்டெல்லாவின் அக்கா வந்தார். குச்சியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "ஏன்டி, இதுவா நீயி?"

குச்சி தளிர்த்துவிட்டது. என் மானம்தான் இன்னும் துளிர்விடவில்லை. போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் படிப்பு, அவள் குரல், அவள் கைமணம் என்று நான் அடுக்க ஆரம்பித்தேன். சமையலறையிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது:

"போதுங்க. எல உதிர்ந்துரப் போகுது."