சிலிக்குப் புறப்பட்ட முதலாளி

குரோம்பேட்டை ஜாய்சன் சிலி நாட்டுக்குப் போவதென்று தீர்மானித்துவிட்டார். சிலி அவரைக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.

புதிதாகத் தொழில் தொடங்கியவர்களை அந்த நாட்டு அரசாங்கம் தன் செலவில் வரவழைத்து, சில மாதம் தங்கவைத்து, கம்பெனியை வளர்த்துவிடுகிறதாம். ஜாய்சனிடம் ஒரு கம்பெனி இருந்தது. 'லாரி வருது' என்று பெயர். தண்ணீர் லாரி எந்தத் தெருவில் வந்துகொண்டிருக்கிறது என்று செல்போனில் காட்டும் ஆப். குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிற கோடையில் காலனியே அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

விண்ணப்பம் முதல் கட்டம் தாண்டியதாக மெயில் வந்தது. அன்றிலிருந்து ஜாய்சனின் கால் தரையில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சியே சொல்லிவிட்டார். "கர்த்தர் எனக்குக் கடல் கடந்து ஒரு வாசலைத் திறந்திருக்கிறார்!" சபை ஸ்தோத்திரம் சொன்னது. பாஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நேர்முகத் தேர்வு என்று ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது என்பதை மட்டும் அவர் சாட்சியில் சேர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஈவ்லின் கேட்டாள்.

"ஏங்க, நான் எப்போ பெட்டி கட்டணும்?"

"நீ எதுக்கு? குடும்பத்துக்கு அனுமதி கிடையாது. ரூல் அப்படி."

"ஐயோ பாவமே. புருஷன் பொண்டாட்டியப் பிரிக்கிற அரசாங்கமா அது?"

"என்ன பண்றது ஈவ்லின்? நாட்டுக்காகச் சில தியாகம் பண்ணித்தான் ஆகணும்."

"எந்த நாட்டுக்காக?"

ஜாய்சன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அப்படியொரு ரூலே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து மனிதர் தன் இஷ்டத்துக்கு ஒரு சட்டை எடுத்ததில்லை. இரண்டாவது கரண்டி சட்னி கேட்டால்கூடக் காரணம் சொல்ல வேண்டும். சில மாதம் தனிக்காட்டு ராஜாவாக இருந்து பார்க்க ஆசைப்பட்டார். அவ்வளவுதான்.

ஆனால் அடுத்த மெயில் அவர் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது. கம்பெனியை நிறுவியவர் வீடியோவில் வந்து பேச வேண்டும். தேர்வானால் அவர்தான் சிலிக்கு வந்து தங்க வேண்டும். நிறுவியவர் பெயர், திருமதி ஈவ்லின்.

ஜாய்சன் அரசாங்க குமாஸ்தா. அரசு ஊழியர் தொழில் நடத்தக் கூடாது. அதனால் எல்லோரையும் போல அவரும் கம்பெனியை மனைவி பேரில் பதிந்திருந்தார். நம் பக்கத்தில் பாதிக் கம்பெனிகளுக்கு மனைவிமார்தான் முதலாளி. கையெழுத்துப் போடக் கூப்பிடும்போதுதான் அவர்களுக்கே அது தெரியவரும்.

"சும்மா ரெண்டு வார்த்தை பேசு," என்றார் ஜாய்சன். "யோசனையெல்லாம் எங்க வீட்டுக்காரரோடது, அவரையே அனுப்பி வைக்கிறேன்னு சொல்லிடு."

"நீங்களே வந்து பேசுங்களேன்."

"நான் ஸ்க்ரீன்ல தெரிஞ்சா வேலை போயிடும்! டேபிளுக்குக் கீழ இருக்கேன். கால் கட்டைவிரலைத் தட்டினா ஆமான்னு சொல்லு. கிள்ளினா இல்லைன்னு சொல்லு."

"சரிங்க," என்றாள் ஈவ்லின். அவள் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்ன சரித்திரமே கிடையாது. ஜாய்சன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

குறித்த நாளில், மாலை ஏழு மணிக்கு, சாப்பாட்டு மேஜை மேல் லேப்டாப், கீழே ஜாய்சன். திரையில் சிலிக்காரர்கள் மூன்று பேர் ஆங்கிலத்தில் கேட்டார்கள். இந்த யோசனை யாருடையது?

"என்னுடையதுதான்," என்று ஆங்கிலத்திலேயே பளிச்சென்று சொன்னாள் ஈவ்லின். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். "குடத்தோடு தெருவில் நின்றது நான்தானே."

ஜாய்சன் கிள்ளினார். ஈவ்லின் இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மேஜைக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு மட்டும் மிஞ்சியது. ஜாய்சன் அதைக் கிள்ளி என்ன பயன்?

ஆப்பைக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். கோவளத்துக்குக் கிழக்கே, நடுக்கடலில் நின்றது லாரி.

"உங்கள் லாரி நீந்துமா?" என்று கேட்டார் சிலிக்கார அம்மாள்.

ஜாய்சன் கண்ணை மூடிக்கொண்டார். சிலி போச்சு. சபையில் சொன்ன சாட்சியும் போச்சு. ஈவ்லினோ சிரித்தாள். "மேப் இப்படித்தான் ஏமாற்றும். அதை நம்பி நான் கம்பெனி நடத்தவில்லை," என்று சொல்லி, ஸ்பீக்கரில் லாரி டிரைவரைக் கூப்பிட்டாள்.

"அப்பாதுரை அண்ணா, எங்க இருக்கீங்க?"

"கோவிலம்பாக்கத்தாண்ட கீறேன்கா. முன்னால கல்யாண ஊர்வலம் போய்கினு கீது. பேண்டு வாத்தியம் வேற. ஒரே பேஜாரு."

"எவ்ளோ நேரமாகும்?"

"மாப்ள காரவுட்டு எறங்காம இருந்தா அர மணி நேரம். எறங்கி டான்ஸ் ஆடுனா, நா சொல்றதுக்கில்லக்கா."

ஈவ்லின் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஆப்பில் நேரத்தைத் திருத்தினாள். மாப்பிள்ளை ஆடுவதற்கென்று கொஞ்சம் கூடுதலாகவே போட்டாள். மூன்று சிலிக்காரர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு கை தட்டினார்கள்.

ஜாய்சனுக்கு நெஞ்சு விம்மியது. ஆப் செய்யக் காசு கொடுத்தவர் அவர். தினமும் டிரைவர்களைக் கூப்பிட்டு, அண்ணா தம்பி என்று விசாரித்து, நேரத்தைப் போட்டவள் இவள். இத்தனை நாளாக ஆப்தான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாரே! இவ என் பொண்டாட்டி என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"நீங்கள் இங்கே வந்துவிட்டால் அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்பது கடைசிக் கேள்வி.

ஈவ்லின் மேஜை விரிப்பைத் தூக்கினாள். "என் ஆபரேஷன்ஸ் மேனேஜர் இங்கேதான் இருக்கிறார். ஏங்க, எழுந்து ஒரு வணக்கம் சொல்லுங்க."

மண்டை இடிக்க எழுந்தார் ஜாய்சன். ஆபீஸ் ஞாபகம் வந்து, "ஐ ஆம் ஒன்லி ஹஸ்பண்ட்," என்று உளறினார். அதற்கும் கை தட்டினார்கள்.

ஈவ்லின் தேர்வானாள். ஜாய்சன் காலனி முழுக்க ஸ்வீட் கொடுத்தார். "என் ஒய்ஃப்! சிலி கவர்மென்ட்டே கூப்பிட்டிருக்கு!" என்று கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களை நிறுத்தியும் சொன்னார். ஒரு வார்த்தைகூட வேஷமில்லை. அத்தனையும் நிஜமான பெருமை.

சாயங்காலம் மெல்ல மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஈவ்லின், அந்த ரூலை மறுபடி படிச்சுப் பாத்தேன். குடும்பத்துல ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகலாமாம்."

"தெரியுங்க. கம்பெனி மெயில் எல்லாம் எனக்கும்தானே வருது? மொத நாளே படிச்சுட்டேன்."

ஜாய்சன் அசடு வழிந்தார். பிறகு பிரகாசமானார். "அப்போ நான் நாளைக்கே லீவு எழுதிக் குடுத்துடறேன்."

"எதுக்குங்க? எங்கம்மாவுக்குப் பாஸ்போர்ட் வந்தாச்சே."