ஆறு வேற்றுமையும் பத்துக் குடமும்

இனி ஜென்மத்துக்கும் தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை என்று பாக்கியராஜ் முடிவு கட்டினார். கும்மிடிப்பூண்டி ஆணிக் கம்பெனியில் டைம்கீப்பர். நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்தால் வாசலிலேயே மனைவி ஞானம்மா குடத்தை நீட்டுவாள். ஊர்க்குழாயில் ஐந்து மணிக்குத் தண்ணீர். சைக்கிளில் ரெண்டு குடம். மனுஷனுக்கு ஒரு வாய் காப்பி நிம்மதியாக உண்டா?

இளவயதில் பாதிரியாராவதற்காகக் குருமடத்தில் ஏழு மாதம் படித்தவர். மண்டையில் தங்கியது ஒரே பாடம்: லத்தீனில் ரெண்டு சொல்லை ஒட்டிப் பெயரடை செய்து, அதை ஆறு வேற்றுமையிலும் அடுக்குவது. ‘ஓம்னிஸ்’ என்றால் எல்லாம், ‘போத்தென்ஸ்’ என்றால் வல்ல, ஒட்டினால் ‘ஓம்னிபோத்தென்ஸ்’. இரக்கமும் நெஞ்சும் ஒட்டினால் ‘மிசேரிகோர்ஸ்’. ஜெபத்தில் இருப்பவரை அந்த வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை. ஐந்தடித்ததும் மாதா படத்தின் முன் முழங்காலிட்டுக் கண்ணை மூடினார்.

“மிசேரிகோர்ஸ், மிசேரிகோர்திஸ், மிசேரிகோர்தி, மிசேரிகோர்தெம்...”

“இன்னாங்க, கொயாயில...” ஞானம்மா பாதியில் நிறுத்தினாள். சிலுவை போட்டுக்கொண்டு குடத்தைத் தானே இடுப்பில் எடுத்தாள். நாலு நாள் ராஜபோகம்.

ஐந்தாம் நாள் வாசலில் பத்துக் குடம் வரிசை கட்டி நின்றது. பக்கத்து வீட்டு செண்பகம் கும்பிட்டாள்.

“அண்ணே, உங்க லத்தீன் ஜெபம் சொல்லிக்கினே கொண்ணாந்த தண்ணி கொயந்த ஜொரத்துக்கு நல்லதாமே? ஞானம்மாக்கா சொல்லிச்சி.”

“அதெல்லாம் ஒண்ணும்...”

“இன்னாத்துக்குக் கூச்சப்படுறீங்க?” சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள் ஞானம்மா. “சாமியாரே இப்ப பூசையத் தமிழ்லதான் வெக்கிறாரு. லத்தீனுக்கு இந்தத் தெருவுல வேற யாரு கீறாங்க?”

ஜெபமில்லை என்றால் நாலு நாள் பித்தலாட்டம் தெருவுக்கே தெரிந்துவிடும். ஜெபம் என்றால் பத்துக் குடம். பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து நடை மிதித்தார். வாயை மூடினால் போச்சு. “அண்ணே, சத்தத்தையே காணோம்!” என்று செண்பகம் பின்னாலிருந்து குரல் கொடுப்பாள். மறுநாளும் அதே கதை. ஒரு வாரத்தில் தோள் கழன்றது, தொண்டை கட்டியது. அவர் மேல் இரக்கப்பட எந்த மிசேரிகோர்ஸும் வரவில்லை.

சனிக்கிழமை பாதி நடையில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுப்படிக்கு ஓடினார்.

“பேஜாரு தாங்கல ஞானம்மா! அது ஜெபமே இல்ல. வெறும் கிராமரு!”

அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்.

“எங்க நைனா உபதேசியாரு. தெனம் இந்த லத்தீன் கிராமரத்தான் படிச்சிக்கினு கெடப்பாரு. மொத நாளே தெரியும். போங்க, இன்னும் ஆறு குடம் நிக்குது.”