செத்த வீட்டில் பல் பிடுங்கிய முதலை

இணையத்தளத்துக்கு வெற்றிலை வைத்து ஆள் கூப்பிட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் கதிரைக்காரர்.

பிள்ளைகளே, அவருக்கும் அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை அவரே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன். கல்யாண வீடோ செத்த வீடோ, எதுவானாலும் ஆட்கள் உட்காரப் பிளாஸ்டிக் கதிரைகளை வாடகைக்குக் கொண்டுவந்து இறக்குவார். மற்ற நேரத்தில் உங்களைப் போன்ற சின்னப் பிள்ளைகளுக்குக் கதை எழுதுவார். சொந்தச் செலவில் ஒரு கதைப் புத்தகம் அச்சடித்துப் பெட்டி பெட்டியாகக் கட்டிலுக்குக் கீழே அடுக்கியிருந்தார். விற்றதைவிடக் கட்டிலுக்குக் கீழே கிடந்ததுதான் அதிகம்.

சுனாமி வந்தபோது அவருடைய வீடு கடற்கரையோரம் இருந்தது. வீடு போனது. ஆள் தப்பியது பெரிய காரியம். கொஞ்ச நாளில் கதிரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கின. ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் சிவப்புப் பெயின்றில் ஒரு முதலை வரைந்து வைத்திருந்தார். வாவியில் மிதந்த கதிரைகளைப் பிடித்தவர்கள் முதலையைப் பார்த்ததும் ஆளை அறிந்துகொண்டு, தோணியில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். புத்தகம் மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

நாவற்குடாவில் என் கடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு அவர் குடிவந்தார். "கதிரையாவது மிஞ்சினதே மாமா" என்று ஆறுதல் சொன்னேன்.

"கதிரை எந்தக் கடையிலயும் வாங்கலாம் மனே. என்ட கதை எந்தக் கடையில கிடக்கு? கடல் திண்டா திங்கட்டும். நான் திரும்ப எழுதுவன். இந்தத் தரம் தண்ணி ஏறாத இடத்தில வைப்பன்."

முதலில் டவுனுக்குப் போய் ஒரு இலக்கிய வட்டத் தலைவரிடம் உதவி கேட்டார். தலைவர் சிரித்தார். "உங்கட கதைய அச்சடிச்சா வாசிக்க ஆள் வேணுமே! நீங்க எங்கட கூட்டத்துக்குக் கதிரை தாங்க, அது காணும்."

அன்றோடு அந்த வட்டத்துக்குக் கதிரை நின்றது. "அவர் நிண்டுகொண்டு பேசட்டும், கேக்கிறவங்க நிண்டுகொண்டு கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நேராக என் கடைக்கு வந்தார்.

என் கடையில் ஒரு போட்டோக் கொப்பி இயந்திரமும் இணையம் வரும் இரண்டு கணினிகளும் இருந்தன. நான் பதினோராம் வகுப்பு ஓ.எல். வரைதான் படித்தவன். கணினியைக் கெடுத்துக் கெடுத்தே பழகினேன். வலைப்பூ என்று ஒன்று உண்டு, அதில் கதை போடலாம், ஒரு சதமும் வேண்டாம் என்றேன்.

"மறுகா ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?" என்று என்மேல் பாய்ந்தார்.

கதைகள் எல்லாம் அவருடைய தலைக்குள் இருந்தன. அவர் நடந்து நடந்து சொல்ல, நான் தட்டினேன். முதல் கதை, பல்வலி வந்த வாவி முதலை ஒன்று வைத்தியர் தேடிப்போகும் கதை. முதலை பேசும் இடம் வந்தால் அவரே முதலையாகிவிடுவார். அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்தவர்கள் அந்த வாயைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பினார்கள்.

"ஆ எண்டு எழுது."

"எத்தின ஆ மாமா?"

"வலி தீருமட்டும் போடு."

கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லக்கூடாது என்று நான் சொன்னபோதுதான் பெரிய சண்டை வந்தது. "ஆக்கள வரச்சொல்லிப்போட்டுக் கதவப் பூட்டுறதா? நல்ல ஞாயம்!" கடைசியில் கடவுச்சொல்லை நானே மாற்றி ஒளித்துவைக்க வேண்டியதாயிற்று.

கதை ஏறினால் உலகம் முழுவதும் பார்க்கும் என்றேன். அவர் நம்பவில்லை. "சொல்லாம ஆர் வருவாங்க? நீ சொல்லாத வீட்டுக்குப் போவியா?"

அதுவும் உண்மைதான். எங்கள் பக்கத்தில் நேரில் வந்து சொல்லாத வீட்டுக்கு ஒருவரும் போகமாட்டார்கள். போகாததோடு விடவும் மாட்டார்கள், வருடக் கணக்காகக் கோபம் காட்டுவார்கள். ஆகவே அவர் பித்தளை வட்டாவில் வெற்றிலை பாக்கு அடுக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போனார். துறையில் வாவியைக் கடந்து பழுகாமத்துக்கும் போனார்.

"ஞாயிற்றுக்கிழமை காலமை என்ட கதை இணையத்தில ஏறுது. குடும்பத்தோட வரவேணும்."

வந்தார்கள் பிள்ளைகளே! பட்டுச்சேலை கட்டி, பிள்ளைகளுக்குப் பவுடர் பூசி, பலகாரத்தோடு வந்தார்கள். ஒருவர் சுவர் மணிக்கூடு ஒன்றைப் பரிசுத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். கடை வாசல் கடந்து வீதிவரை கதிரை. உள்ளே இருந்த கணினியோ இரண்டே இரண்டு.

அந்தக் காலத்தில் வீதியில் நாலு பேர் சேர்ந்து நின்றாலே கேள்வி வரும். ரோந்து வந்த ஆமிக்காரர்கள் நின்றுவிட்டார்கள். "என்ன கூட்டம்? பெர்மிஷன் இருக்கா?" என்று அதிகாரி கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கதிரைக்காரர் வட்டாவைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் நீட்டினார்.

"வெத்திலை எடுங்க சேர். இது கூட்டமில்ல. ஆக்கள் கதை வாசிக்க வந்திரிக்காங்க."

"கூட்டம் ஏலாது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

கதிரைக்காரர் வந்தவர்களைப் பார்த்துத் திரும்பினார். அதிகாரியின் காதிலும் விழும்படி உரத்துச் சொன்னார். "கேட்டீங்களா? கலைஞ்சு போங்க. போயிட்டு, ஒவ்வொருத்தரா வாங்க!"

அந்தக் கிழமை முழுவதும் அதே பட்டுச்சேலையோடு ஒவ்வொருவராக வந்து, கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, முதலைக்குப் பல்வலி வந்த கதையை வாசித்துவிட்டுப் போனார்கள். ரோந்து போனவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கடைக்குள் ஒரே ஒரு ஆள் இருப்பார். என்ன சொல்வது?

"கூட்டத்தக் கலைக்கலாம் மனே, வாசகரக் கலைக்க ஏலாது" என்று கதிரைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

ஆனால் அடுத்த கிழமை ஒருவரும் வரவில்லை. ஓய்ந்திருந்த உள்நாட்டுச் சண்டை மறுபடி மூண்டுவிட்டது. பாதைகள் அடைபட்டன. வாகரைப் பக்கத்துச் சனங்கள் உடுத்த துணியோடு வந்து இறங்கினார்கள். முதலையின் பல்லைப் பற்றி யோசிக்க யாருக்கு மனம் வரும்? அவர் தினமும் வந்து வலைப்பூவைத் திறக்கச் சொல்வார். நான் திறப்பேன். கதைக்குக் கீழே ஒரு கருத்தும் இருக்காது. புத்தகத்தைக் கடல் கொண்டுபோனபோது சுருங்காத முகம் அப்போது சுருங்கியதைக் கண்டேன்.

ஒருநாள் ஒரே ஒரு கருத்து வந்திருந்தது. "மாமா, எங்கட பெரியப்பா இண்டைக்கோ நாளைக்கோ எண்டு கிடக்கார். அம்பது கதிரை எடுத்து வையுங்க."

"விடுங்க மாமா" என்றேன்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையில் ஓங்கி அடித்தார். "ஆக்கள் இரிக்கிற இடத்துக்கு நாமதான் போகவேணும். ஆக்கள் எங்க இரிக்காங்க? என்ட கதிரையில இரிக்காங்க!"

அன்றே கதையின் தொடக்கத்தை அச்செடுத்து எல்லாக் கதிரை முதுகிலும் ஒட்டினோம். 'முதலை வாயைத் திறந்தது. வைத்தியர் கையை உள்ளே விட்டார். அப்போது...' அவ்வளவுதான். கீழே வலைப்பூ முகவரி.

அந்தப் பெரியப்பா காலமானார், அம்பது கதிரையும் போய் இறங்கின. செத்த வீட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பவருக்கு முன் கதிரையின் முதுகைப் பார்ப்பதைவிட வேறென்ன வேலை? கொஞ்ச நேரத்தில் குசுகுசுப்புத் தொடங்கியது.

"கை தப்பினதா?"

"எனக்கென்ன தெரியும்? அந்தப் பக்கத்துக் கதிரையில பாரு."

"அதிலயும் இவ்வளவுதான் கிடக்கு!"

ஒருவர் எழும்பித் தன் கதிரையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெரியம்மா சட்டென்று நிறுத்தினார். "என்ட மனிசன் இஞ்ச கிடக்கார், நீங்க அங்க முதலைக்குப் பல்லுப் பிடுங்குறீங்களா?" என்று சீறினார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரே கேட்டார்: "சரி, கை தப்பினதா இல்லையா?"

மறுநாள் என் கடையில் வரிசை நின்றது. கை தப்பியதா என்று நீங்களும் கேட்பீர்கள். நான் சொல்லமாட்டேன். போய் வாசியுங்கள்.

பெரிய விசயம் பிறகுதான் நடந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளால் அந்தச் சண்டைக் காலத்தில் வரமுடியாது. அவர்களுக்காகச் செத்த வீட்டை வீடியோ எடுத்து அனுப்புவார்கள். கமராக்காரர் முன்னாலும் பின்னாலும் நின்று வரிசை வரிசையாக ஆட்களைக் காட்டினார். ஆட்களோடு முதலையும் கடல் கடந்தது. ஒரு காலையில் இப்படி ஒரு கருத்து வந்திருந்தது.

"ஐம்பது கதிரை எடுத்த செத்த வீட்டுக்காரரின் மகன் நான். அப்பாவைக் கடைசியாகப் பார்க்க வரமுடியவில்லை. வீடியோவைப் போட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தேன். என் மகன் கதிரையில் இருந்த தமிழை எழுத்துக்கூட்டி வாசித்து, வைத்தியருக்கு என்ன நடந்தது என்று கேட்டான். மிச்சக் கதையைத் தேடி வாசித்துக் காட்டினேன். அந்தக் கிழமை எங்கள் வீட்டில் சிரித்தது அப்போதுதான்."

கதிரைக்காரர் என்னை அதைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "பதில் எழுது மனே. வந்ததுக்கு நன்றி. சாப்பிட்டீங்களா?"

அவருடைய கதைகளை எந்தெந்த நாட்டிலோ இருக்கும் பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கினார்கள். வந்த ஒவ்வொருவரிடமும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

சண்டை முடிந்து பாதைகள் திறந்த பிறகு, இலக்கிய வட்டத் தலைவரே காரில் வந்து இறங்கினார். இணையத்தில் வாசகரைச் சேர்ப்பது எப்படி என்று அவர்களுடைய கூட்டத்தில் கதிரைக்காரர் பேசவேண்டுமாம்.

"வெத்திலை எங்க?" என்றார் கதிரைக்காரர்.

தலைவர் திரும்பிப் போய் மறுநாள் வெற்றிலையோடு வந்தார். கூட்டத்தில் கதிரைக்காரர் பேசியது இவ்வளவுதான்: "வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க. வராட்டித் திரும்பப் போய்ச் சொல்லுங்க. சிரிச்சா இன்னொருக்காப் போங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அவர் இன்றும் புதுக் கதை ஏறினால் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார். அவர் எங்கள் படலையைத் திறக்கும்போது நானும் என் மகளும் கதையை வாசித்து முடித்திருப்போம். "வாசிச்சியா மனே?" என்று கேட்பார். "இல்ல மாமா, இனித்தான்" என்று இருவரும் ஒரே குரலில் சொல்வோம். வாசித்துவிட்டோம் என்றால் அவர் கதையை நடித்துக் காட்டாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாரே.