குசாகாவாவுக்கு வராத வெள்ளம்

உலகத்தில் எத்தனையோ ஆறுகள் கரை மீறி அட்டகாசம் செய்திருக்கின்றன. குசாகாவாப் பண்ணையின் ஆறு மட்டும் அப்படி நடந்துகொண்டதே இல்லை. அந்தப் பண்ணை தலைநகரத்துப் பெரிய கோயிலுக்குச் சொந்தம். வெள்ளம் வராமலிருக்கக் கோயில் ஆண்டுதோறும் பிரார்த்தனை செய்தது. அதற்கென்று குடியானவர்களிடம் தனியாக நெல்லும் வாங்கிக்கொண்டது. நெல்லை வாங்கிய பிறகும் வெள்ளம் வந்தால் கோயிலுக்கு என்ன மரியாதை?

ஆகவே, போன இலையுதிர் காலத்தில் குடியானவன் தோனாயின் பள்ளத்து வயலை ஆறு வாரிக்கொண்டு போனது ‘நடக்கவில்லை’. கதிர் நின்ற இடத்தில் கூழாங்கல்தான் கிடந்தது. வரியைத் தள்ளுபடி செய்யச் சொல்லித் தோனாய் மனுப் போட்டான். கோயில் பேரவை குளிர்காலம் முழுக்கக் கூடிக் கூடி ஆராய்ந்து, கென்ஷுன் என்ற துறவியை விசாரணைக்கு அனுப்பிவைத்தது.

கென்ஷுன் கூழாங்கற்களின் மேல் நின்றுகொண்டே கேட்டார். "ஏம்பா, வெள்ளம் வந்துச்சுங்கிறியே, கண்ணால பாத்தியா?"

"கழுத்தளவு தண்ணியில நின்னு பாத்தேன் சாமி."

"அப்ப எங்க பிரார்த்தனை பலிக்கலைங்கிற?"

"ஐயோ, நான் எங்க சொன்னேன்? ஆத்துக்குத்தான் காது கேக்கல போல."

இது தெய்வக் குற்றமா இல்லையா என்று மனிதர்கள் முடிவு செய்வது தகாது. வழக்கப்படி தெய்வத்திடமே விட்டார்கள். வெள்ளம் வந்தது சத்தியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தோனாய் ஊர்ச் சன்னதியில் ஏழு நாள் அடைந்து கிடக்க வேண்டும். அதற்குள் மூக்கில் ரத்தம் வந்தாலோ, சோறு தொண்டையில் அடைத்தாலோ, எலி உடுப்பைக் கடித்தாலோ, காக்கை மேலே எச்சமிட்டாலோ அவன் சொன்னது பொய். நிலம் முழுவதும் பறிபோகும். குடும்பம் ஊரைவிட்டுப் போக வேண்டும். காக்கையைக்கூடச் சாட்சியாக மதிக்கும் நீதிமன்றம் வேறெங்கே உண்டு?

"ஏங்க, உள்ள போயி மூக்கை நோண்டாதீங்க," என்றாள் அவன் மனைவி கமே. "அந்தப் பழக்கத்தால நம்ம நிலமே போயிடும்."

தோனாய் பயத்தில் சாமைக் கஞ்சியை மென்று மென்று குடித்தான். கென்ஷுனோ தினமும் வந்து, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் அரிசிப் பணியாரத்தைப் பாசத்தோடு நீட்டினார்.

"சாப்பிடுப்பா. நல்லாப் பெரிசாக் கடி."

"வயிறு சரியில்ல சாமி."

கடைசி நாள் கென்ஷுன் முற்றத்தில் தானியம் இறைத்துக் காக்கைகளை அழைத்தார். ஒன்று வந்தது. துறவியின் மழித்த தலை அதற்குத் தோதாக இருந்தது.

பேரவை இந்தச் சிக்கலையும் அபாரமாகத் தீர்த்தது. ‘மேற்படி காக்கை பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்தது. வெளியார் எவரும் அனுமதியின்றிக் குசாகாவாவுக்குள் நுழையக் கூடாது என்பது பழைய சாசனம். அத்துமீறி நுழைந்தவரின் எச்சம் செல்லாது. தோனாய் மறுபடி ஏழு நாள் உட்கார வேண்டும்.’

"சாமி, நாத்து முத்துது. மேட்டு வயலாவது நட்டாத்தான் புள்ளைங்களுக்குக் கஞ்சி."

"தெய்வ காரியத்துல அவசரப்படலாமா?"

அதுவரை பயந்துகொண்டிருந்த தோனாய்க்கு அப்போதுதான் கோபம் வந்தது. "சரி சாமி, உக்காருறேன். ஆனா வெள்ளத்தை நான் ஒருத்தன் மட்டுமா பாத்தேன்?"

ஊரே கூடிச் சத்தியம் எழுதியது. எழுதியதை வழக்கப்படி எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். பிறகு பாய், பானை, கைக்குழந்தை சகிதம் சன்னதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வயல்களில் எருதுகள் மட்டும் பக்தியில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

கென்ஷுன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "எல்லாரும் இங்க வந்து குந்திக்கிட்டா நடவை யாரு நடுறது?"

"சத்தியம் பண்ணிட்டுப் பாதியில எழுந்தா சாமி குத்தமாயிடாதா?" என்றாள் கமே.

"அப்ப அடுத்த வருஷம் கோயிலுக்குச் சோறு?"

"பிரார்த்தனை பண்ணுங்க," என்றான் தோனாய். "ஆத்தையே நிறுத்தின பிரார்த்தனை, நாலு நாத்தை நட்டுடாதா?"

பேரவை அவசரமாகக் கூடியது. போன இலையுதிர் காலத்து வெள்ளம், ஏகமனதான அனுமதியுடன், நடவுக் காலத்தில் குசாகாவாவுக்குள் வந்து சேர்ந்தது. தோனாயின் வரி தள்ளுபடியானது. உத்தரவைக் கென்ஷுனே கொண்டுவந்து கணீரென்று வாசித்தார்.

கமே எழுந்து நின்றாள். "வெள்ளம் வந்துச்சுன்னு ஒத்துக்கிட்டீங்க. அப்ப அது வராம இருக்க வாங்கின நெல்லு?"

"அதுவா?" என்றார் கென்ஷுன், மிகுந்த துயரத்துடன். "அது அந்த வெள்ளத்துல போயிடுச்சும்மா."